தம்பியின் பெயர் இன்னும் நோட்டில் இருக்கிறது

கேள்வி: அன்புள்ள போதகர் ஐயாவுக்கு, சபையின் ஜெபக் குழுவில் பதினொரு வருடமாக இருக்கிறேன். ஜெபக் குறிப்புகளை நோட்டில் எழுதி, வாரா வாரம் வாசிப்பது என் பொறுப்பு. போன வருடம் என் தம்பிக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. அவன் பெயரை நானே என் கையால் எழுதினேன். சபையே உபவாசமிருந்து ஜெபித்தது. ஏழாவது மாதம் போய்விட்டான். 38 வயது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதே பக்கத்தில் பெயர் இருந்த இன்னொருவர் குணமாகி, சபையில் சாட்சி சொன்னார். எனக்குச் சந்தோஷப்பட முடியவில்லை. "எங்கேயோ விசுவாசத்தில் குறை இருந்திருக்கும்" என்றார் ஒரு மூத்த சகோதரி. மருத்துவம் படிக்கும் என் மகனோ, ஜெபத்தால் நோயாளிகளுக்குப் பலன் இல்லை என்று ஆராய்ச்சியிலேயே காட்டிவிட்டார்கள் என்கிறான். இப்போது யாரிடமும் "உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்று சொல்ல வாய் வரவில்லை. கடவுளுக்கு எல்லாம் தெரியும் என்றால் நாம் ஏன் சொல்ல வேண்டும்? அவருக்குச் சித்தமானால் செய்வார், இல்லாவிட்டால் செய்யமாட்டார். நடுவில் நான் யார்? பத்துப் பேர் சேர்ந்து கேட்டால்தான் கொடுப்பாரா? தம்பியின் பெயர் இன்னும் நோட்டில் இருக்கிறது. அடிக்க மனம் வரவில்லை, வாசிக்கவும் முடியவில்லை.
ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த மூத்த சகோதரி சொன்ன வார்த்தையை எடுத்துவிடுவோம். முள் உள்ளே இருக்கும்போது மேலே மருந்து போட்டுப் பயனில்லை. உங்கள் தம்பி இறந்ததற்கு உங்கள் விசுவாசக் குறைவு காரணமில்லை. அவனுடைய விசுவாசக் குறைவும் காரணமில்லை. உங்களைத் தேற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. வேதத்தை வைத்துத்தான் சொல்கிறேன்.

அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஏரோது ராஜா, யோவானின் சகோதரனாகிய யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றான். அப்புறம் பேதுருவைப் பிடித்துச் சிறையில் போட்டான். பேதுருவுக்காகச் சபை ஊக்கமாக ஜெபித்தது. இரவில் தூதன் வருகிறான், சங்கிலி கழன்று விழுகிறது, பேதுரு நேராக ஜெபம் நடந்துகொண்டிருந்த வீட்டுக்கே வந்து கதவைத் தட்டுகிறார். ரோதை என்ற பெண் உள்ளே ஓடிப்போய்ச் சொன்னபோது, ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் அவளைப் பார்த்து "நீ பிதற்றுகிறாய்" என்றார்கள். கேட்ட பதில் கதவுக்கு வெளியே நின்று தட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே ஒருவரும் நம்பவில்லை. விசுவாசத்தை அளந்து பார்த்துத்தான் பதில் வரும் என்றால், பேதுரு அன்று சிறையிலேயே கிடந்திருப்பார்.

யாக்கோபோ, மறுரூப மலைக்கும் கெத்செமனேக்கும் இயேசு கூட அழைத்துப்போன மூன்று பேரில் ஒருவர். அவருடைய சாவுக்கு, அப்போஸ்தலர் நடபடிகளை எழுதிய லூக்கா கொடுத்திருப்பது ஒரே ஒரு வசனம். இவர் ஏன் போனார், அவர் ஏன் தப்பினார் என்பதற்கு ஒரு வார்த்தை விளக்கம் இல்லை. யாக்கோபுக்காக ஜெபித்தவர்களிடம் ஏதோ குறை என்று லூக்கா எழுதவில்லை. பேதுரு விடுதலையான செய்தி கேட்டபோது யாக்கோபின் சகோதரன் யோவானுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. பேதுரு அவருக்கு உயிர் நண்பர். சந்தோஷம் வந்திருக்கும். அதோடு கூடவே, "என் அண்ணனுக்கு ஏன் அந்தத் தூதன் வரவில்லை?" என்பதும் வந்திருக்கும். உங்கள் சபையில் அந்தச் சாட்சியைக் கேட்டு உட்கார்ந்திருந்தபோது நீங்கள் யோவானின் இடத்தில்தான் இருந்தீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இன்னும் ஒன்று. பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் கேட்டார். நீங்கவில்லை. கெத்செமனேயில் இயேசு "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால் நீங்கும்படி செய்யும்" என்று மூன்று தரம் கேட்டார். நீங்கவில்லை. விசுவாசக் குறை என்று சொல்கிறவர்கள் கெத்செமனேக்கும் வந்து அதையே சொல்ல வேண்டியிருக்கும்.

இந்த விஷயத்தில் நான் கடுமையாகப் பேசுவதற்கு என் சொந்தக் காரணமும் உண்டு. ஊழியத்துக்கு வந்த புதிதில், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நின்ற ஒரு தாயிடம், "நிச்சயம் பிழைப்பான், விசுவாசியுங்கள்" என்று சொல்லிவிட்டேன். என் பயத்தை மறைக்கத்தான் அப்படிச் சொன்னேன் என்பது பின்னால்தான் எனக்கே புரிந்தது. பையன் மறுநாள் காலையில் இறந்தான். அந்தத் தாய் என்னிடம் கோபப்படவில்லை. "ஐயா, நான் சரியாக விசுவாசிக்கவில்லையோ?" என்றுதான் கேட்டார். அந்தச் சுமையை அவர் தலையில் ஏற்றிவைத்தது நான். அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து, கடவுள் கொடுக்காத வாக்குறுதியை அவர் பெயரால் ஒருவருக்கும் நான் கொடுப்பதில்லை.

சரி, உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

கடவுளுக்குத் தெரிந்ததை ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியை முதலில் கிளப்பியவர் இயேசுதான். "உங்கள் பிதாவை நோக்கி நீங்கள் வேண்டிக்கொள்ளுகிறதற்கு முன்னமே உங்களுக்கு இன்னது தேவை என்று அவர் அறிந்திருக்கிறார்" என்று மத்தேயு 6:8இல் சொல்கிறார். அப்படியானால் ஜெபம் வேண்டாம் என்றுதானே நாம் முடிப்போம்? அவர் அடுத்த வசனத்திலேயே "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று ஜெபிக்கக் கற்றுக்கொடுக்கிறார். அவருக்குத் தெரியும் என்பது, ஜெபிக்காமல் இருப்பதற்கு நாம் சொல்லும் காரணம். இயேசுவுக்கோ அதுவே தைரியமாகப் போய் ஜெபிப்பதற்கான காரணம். தெரியாதவரிடம்தான் வளைத்து வளைத்து விளக்க வேண்டும், வார்த்தைகளை அடுக்க வேண்டும். தெரிந்தவரிடம் உள்ளபடி பேசலாம்.

தம்பி தனக்கு வலி தாங்கவில்லை என்று உங்களிடம் சொன்ன நாளை நினைத்துப் பாருங்கள். அவன் முகத்தைப் பார்த்தபோதே உங்களுக்குத் தெரிந்திருக்கும். மருந்துச்சீட்டிலும் இருந்திருக்கும். ஆனாலும் அவன் வாய் திறந்து "அக்கா, வலிக்குது" என்று சொன்னபோது, அதுவரை இல்லாத ஒன்று உங்கள் இருவருக்கும் நடுவில் வந்தது, இல்லையா? உங்களுக்குப் புதுத் தகவல் ஒன்றும் கிடைக்கவில்லை. அவன் உங்களைத் தன் வலிக்குள் வரவிட்டான். ஜெபத்தில் நடப்பதும் இதுதான்.

ரோம் நகரம் 410இல் சூறையாடப்பட்டபின் ஆப்பிரிக்காவுக்குத் தப்பி வந்த புரோபா என்ற விதவை, எப்படி ஜெபிப்பது என்று ஆயர் அகுஸ்தீனுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். அகுஸ்தீனின் நீண்ட பதில் இன்றும் இருக்கிறது. நம் தேவையைக் கடவுளுக்குத் தெரிவிப்பதற்காக நாம் ஜெபிப்பதில்லை, அவர் கொடுக்க நினைப்பதைப் பெற்றுக்கொள்ளும் அளவுக்கு நம் வாஞ்சை விரிவடைவதற்காக ஜெபிக்கிறோம் என்பது அதன் சாரம். நம் தமிழில் 'வேண்டுதல்' என்ற சொல்லே இதைத்தான் சொல்கிறது. வேண்டுவது என்றால் கேட்பது. வேண்டுவது என்றால் விரும்புவதும்கூட. எதை விரும்புகிறோம் என்பது கேட்கக் கேட்கத்தான் நமக்கே தெளியும்.

ஆனால் இது நமக்காக நாம் ஜெபிப்பதற்குச் சரி. இன்னொருவருக்காகக் கேட்கும்போது நம் மனம் விரிவடைந்தால் மட்டும் போதுமா? அவருக்கு ஏதாவது நடக்க வேண்டாமா? "நடுவில் நான் யார்?" என்று நீங்கள் கேட்டது அதைத்தான். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திவைத்த வரி அது.

நாம் பயன்படுத்தும் சொற்களையே கொஞ்சம் கவனியுங்கள். மன்றாடுவது என்றால் மன்றத்தில் நின்று வழக்காடுவது. 'பரிந்து பேசுதல்' என்ற சொல்லுக்குள் பரிவு இருக்கிறது. ஒருவர்மேல் பரிவு இல்லாமல் அவருக்காகப் பரிந்து பேச முடியாது. இதற்குப் புதிய ஏற்பாட்டில் வரும் கிரேக்கச் சொல்லுக்கு ஒருவரை அணுகிச் சந்திப்பது, மனுவோடு போய் நிற்பது என்று பொருள். அதற்கு முந்திய காலத்து எகிப்தில் அரசனுக்குக் கொடுத்த மனுவுக்கும் அந்தச் சொல்லின் வழி வந்த பெயர்தான். ஆகவே இதில் மூன்று பேர் வேண்டும். மனுவைக் கேட்கும் அதிகாரமுள்ளவர், துன்பத்தில் இருக்கிறவர், இருவரையும் அறிந்து நடுவில் நிற்கிறவர். பழைய ஏற்பாடு இதை இன்னும் உருவமாகச் சொல்கிறது: இடிந்த மதிலின் திறப்பில் நிற்பது.

இங்கேதான் நம்மில் பலருக்கு ஒரு தவறான படம் மனதில் பதிந்துவிடுகிறது. கடவுள் மனமிரங்காமல் உட்கார்ந்திருக்கிறார், நாம் அழுது, உபவாசமிருந்து, ஆள் சேர்த்து அவரை அசைக்க வேண்டும் என்ற படம். அந்தப் படம் மனதில் இருக்கும்வரை, ஜெபம் கேட்கப்படாதபோது இரண்டே முடிவுதான் வரும். ஒன்று அவர் கல்நெஞ்சர், அல்லது நாம் போதுமான அளவு தள்ளவில்லை. உங்களை இப்போது வாட்டுவது இந்த இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

வேதம் காட்டும் படம் வேறு. சோதோமுக்காக ஆபிரகாம் மன்றாடியதை எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சைத் தொடங்கியது ஆபிரகாம் இல்லை. "நான் செய்யப்போகிறதை ஆபிரகாமுக்கு மறைப்பேனோ?" என்று கர்த்தரே அவரிடம் வருகிறார். மனமில்லாதவர் வலிய வந்து சொல்வாரா? ஐம்பது நீதிமான்கள் இருந்தால் என்று தொடங்கி, 45, 40, 30, 20, பத்து என்று ஆபிரகாம் இறங்கிக்கொண்டே போகிறார். ஒவ்வொரு முறையும் கர்த்தர் சரி என்கிறார். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. எசேக்கியேல் 22:30 இன்னும் வெளிப்படை. திறப்பில் நிற்க ஒரு மனுஷனைத் தேடினேன், ஒருவனையும் காணவில்லை என்று வருத்தப்படுகிறவர் கர்த்தரே. தன் முன்னால் நின்று தன்னோடு வாதாட ஆள் வேண்டும் என்று அவரே தேடுகிறார்.

இதில் நான் மிகவும் நேசிக்கும் ஒரு சின்ன விவரம் உண்டு. சோதோம் அழிந்தது. ஆபிரகாம் கேட்டது கிடைக்கவில்லை. அடுத்த அதிகாரத்தில் ஒரு வசனம் வருகிறது: தேவன் ஆபிரகாமை நினைத்து, லோத்தைத் தப்புவித்தார். ஆபிரகாமின் மன்றாட்டை முழுக்கப் படித்துப் பாருங்கள், லோத்தின் பெயரே அதில் இல்லை. சகோதரன் மகன் பெயரைச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்ததோ என்னவோ. சொல்லாத பெயரும் கேட்கப்பட்டிருக்கிறது.

அப்புறம் கிறிஸ்து. உங்கள் கேள்விக்கு ஒரே பதில்தான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். "நமக்காகப் பிதாவினிடத்தில் பரிந்து பேசுகிறவர்" என்று யோவான் அவரைச் சொல்கிறார். நமக்காக வேண்டுதல் செய்யும்படி அவர் எப்போதும் உயிரோடிருக்கிறார் என்கிறது எபிரெயர் 7:25. ரோமர் 8ஆம் அதிகாரமோ, நாம் இன்னது கேட்க வேண்டும் என்று தெரியாமல் தவிக்கும்போது ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுகிறார் என்கிறது. நீங்கள் தம்பிக்காக வாய் திறப்பதற்கு முன்பே அவனுக்காக ஜெபம் நடந்துகொண்டிருந்தது. நீங்கள் அதில் போய்ச் சேர்ந்துகொண்டீர்கள். குழுவில் எல்லோரும் போனபின், அழக்கூடத் தெம்பில்லாமல் நீங்கள் உட்கார்ந்திருந்த இரவுகளிலும் அது நிற்கவில்லை. தம்பியை நீங்கள் தனியாகச் சுமக்கவில்லை, அம்மா. உங்களையும் சேர்த்து ஒருவர் சுமந்துகொண்டிருந்தார்.

அவர் எதற்காக வேண்டுகிறார் என்பதையும் பாருங்கள். பேதுருவிடம், "நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்றார். சாத்தான் அவரைக் கோதுமையைப்போல் புடைத்துச் சோதிப்பதை நிறுத்தும்படி வேண்டிக்கொண்டதாக அங்கே இல்லை. பேதுரு புடைக்கப்பட்டார், மூன்று தரம் மறுதலித்தார், மனங்கசந்து அழுதார். ஆனால் தொலைந்துபோகவில்லை. நாம் கேட்பதற்கும் அவர் நமக்காகக் கேட்பதற்கும் சில நேரம் இப்படி இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளி வலிக்கும் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

"அவருக்குச் சித்தமானால் செய்யத்தானே போகிறார்" என்ற வாதத்துக்கு, 13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் கொடுத்த பதிலைவிடத் தெளிவாக நான் எதையும் பார்த்ததில்லை. கடவுளின் ஏற்பாட்டை மாற்றுவதற்காக நாம் ஜெபிப்பதில்லை, ஜெபத்தின் வழியாக நடக்கட்டும் என்று அவர் ஏற்பாடு செய்திருப்பதைப் பெறுவதற்காக ஜெபிக்கிறோம் என்றார். விளைச்சல் அவர் சித்தம்தான், ஆனாலும் விதைக்காமல் விளைவதில்லை. விதைப்பதையும் அவர் தன் சித்தத்துக்குள் வைத்திருக்கிறார். அதுபோல, ஒருவருக்கு அவர் தரும் நன்மையில் இன்னொருவரின் அன்புக்கும் பங்கு இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறார். அவருக்கு நம் உதவி தேவையில்லை. நமக்கு ஒருவரையொருவர் நேசிக்க இடம் தேவை.

பத்துப் பேர் கேட்டால்தான் கொடுப்பாரா? இல்லை. அதிக வசனிப்பினால் கேட்கப்படும் என்று நினைக்காதிருங்கள் என்று இயேசு சொன்னது, அதிகத் தலைகளுக்கும் பொருந்தும். பின் ஏன் பவுல் பல சபைகளிடம் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்" என்று கேட்டார்? 2 கொரிந்தியர் 1:11இல் காரணம் சொல்கிறார்: பலர் ஜெபித்தால், நன்மை வரும்போது பலர் நன்றி சொல்வார்கள். அவர் கணக்கில், கேட்கும்போது கூட இருந்தவர்களுக்கு மகிழ்ச்சியிலும் பங்கு உண்டு. துக்கத்திலும் அப்படியே. உங்கள் தம்பி இறந்த அன்று, அவனை நேரில் பார்த்திராத எத்தனை பேர் அழுதார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த நோட்டு இல்லாவிட்டால் அவர்கள் அழுதிருப்பார்களா?

பரிசுத்தவான்களிடமும் மரியாளிடமும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று கேட்பது கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் சபைகளின் வழக்கம். மத்தியஸ்தர் ஒருவரே என்ற 1 தீமோத்தேயு 2:5ஐக் காட்டி, 1530இல் லூத்தரன் சபைகளின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை அதை ஏற்க மறுத்தது. நான் நிற்பது இந்தப் பக்கத்தில். ஆனால் அதே அதிகாரத்தின் முதல் வசனம்தான் எல்லா மனுஷருக்காகவும் வேண்டுதல் செய்யச் சொல்கிறது. ஒரே மத்தியஸ்தர் இருப்பதால் நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. அவர் வழியாகத்தான் நமக்கு வாய் திறக்கிறது. இதில் இரு பக்கத்தாருக்கும் சண்டையில்லை.

உங்கள் மகன் சொன்ன ஆராய்ச்சி எது என்று ஊகிக்க முடிகிறது. 2006இல் வெளியானது. அமெரிக்காவின் ஆறு மருத்துவமனைகளில் இதய பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். தங்களுக்காக ஜெபிக்கப்படலாம், படாமலும் இருக்கலாம் என்று சொல்லப்பட்ட இரு குழுக்களில், ஜெபிக்கப்பட்டவர்களில் 52 சதவீதத்தினருக்கும் ஜெபிக்கப்படாதவர்களில் 51 சதவீதத்தினருக்கும் சிக்கல்கள் வந்தன. நிச்சயமாக ஜெபிக்கிறோம் என்று சொல்லப்பட்ட மூன்றாவது குழுவில் 59 சதவீதம். மகன் பொய் சொல்லவில்லை. கண்ணியமாக நடத்தப்பட்ட ஆய்வு அது. அவனோடு சண்டை போடாதீர்கள்.

ஆனால் அங்கே எப்படி ஜெபித்தார்கள் என்று அவனிடம் கேளுங்கள். ஜெபித்தவர்களுக்கு நோயாளியின் முதற்பெயரும் குடும்பப் பெயரின் முதல் எழுத்தும் மட்டும் கொடுக்கப்பட்டன. அறுவை சிகிச்சை நன்றாக முடிந்து, சிக்கலில்லாமல் சீக்கிரம் குணமாக வேண்டும் என்ற ஒரே வாசகத்தைச் சேர்த்து, 14 நாள் ஜெபித்தார்கள். ஜெபத்தை ஒரு மருந்தாக, இத்தனை வேளை என்று அளந்து கொடுத்துப் பார்த்தார்கள். மருந்துபோல் அது வேலை செய்யவில்லை. 'ஜெபிக்கப்படாத' குழுவினருக்காக அவர்களுடைய தாயும் மனைவியும் பிள்ளைகளும் ஜெபிக்காமலா இருந்திருப்பார்கள்? அதை யாரும் தடுக்கவில்லை, தடுக்கவும் முடியாது. 1988இல் சான் பிரான்சிஸ்கோவில் 393 இதய நோயாளிகளை வைத்து நடந்த வேறொரு ஆய்வு, ஜெபத்தால் பலன் கண்டதாகச் சொன்னது. நம் ஆட்கள் பலர் அதைக் கொடிபோல் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். அப்போதும் எனக்கு அது பிடிக்கவில்லை. பெயரும் வீதமும் கொண்டு கடவுளை அளக்கலாம் என்றால், அவரை அப்பா என்று கூப்பிட வேண்டியதில்லை.

அந்த 59 சதவீதம் என்னை யோசிக்க வைத்தது என்பதையும் சொல்கிறேன். "எனக்காகத் தனியாக ஆள் வைத்து ஜெபிக்கும் அளவுக்கு நிலைமை மோசமா?" என்ற பயமே ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வில் பங்கெடுத்த ஒருவரே கருதினார். நிரூபிக்கப்பட்டதில்லைதான். ஆனாலும் நோயாளியின் கட்டிலைச் சுற்றி நின்று சத்தமாக ஜெபிக்கும்போது, அவர் முகத்தை நாம் பார்க்கிறோமா என்று அதன்பிறகு நான் கவனிக்கத் தொடங்கினேன். முதலில் "ஜெபிக்கலாமா?" என்று கேட்கிறேன். இரண்டு நிமிடத்துக்கு மேல் போவதில்லை.

மோனிக்காவின் கதையை உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். அகுஸ்தீனின் தாய், வழிதவறிய மகனுக்காக வருடக்கணக்கில் அழுது ஜெபித்தார், 387இல் மகன் ஞானஸ்நானம் பெற்றதைக் கண்ணால் கண்டார். அருமையான சாட்சி. ஆனால் உங்களுக்கு அது இப்போது உதவாது, ஏனென்றால் அவர் கண்டார், நீங்கள் காணவில்லை. தம்பி போனதில் இன்ன நன்மை மறைந்திருக்கிறது என்று யாராவது சொல்ல வந்தாலும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அவன் ஏன் பிழைக்கவில்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. லூக்காவிடமும் இல்லை என்று முன்பே சொன்னேன்.

உங்களுக்கு உதவக்கூடியது சங்கீதங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும்?" என்று தொடங்கும் 13ஆம் சங்கீதம். அதுவும் போதவில்லையென்றால் 88ஆம் சங்கீதம். புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் எங்கேயாவது ஒரு இடத்தில் நன்றிக்குத் திரும்பும். 88 கடைசிவரை திரும்பவே இல்லை. இருட்டிலேயே முடிகிறது. அதையும் ஜெபப் புத்தகத்தில் சேர்த்துத்தான் நம் கையில் கொடுத்திருக்கிறார்கள். கடவுளிடம் கோபமாகப் பேசுவது ஜெபத்தை விட்டு விலகுவதாகாது. அவரிடம்தானே பேசுகிறீர்கள்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சில மாதங்களுக்கு நோட்டை வாசிக்கும் பொறுப்பை வேறொருவரிடம் கொடுங்கள். குழுவை விட்டு விலகாதீர்கள். போய் உட்காருங்கள், ஜெபிக்காமல் உட்காருங்கள். மாற்கு 2ஆம் அதிகாரத்தில் நான்கு பேர் திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இறக்கினார்கள். இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" அவனோடு பேசினார். படுத்திருந்தவனின் விசுவாசத்தைப் பற்றி அங்கே தனியாக ஒரு பேச்சும் இல்லை. பதினொரு வருடம் நீங்கள் கட்டிலின் ஒரு மூலையைப் பிடித்திருந்தீர்கள். இப்போது நீங்கள் கட்டிலில் படுத்திருக்கும் முறை. மற்றவர்கள் பிடிக்கட்டும்.

குணமானவரிடம் உங்களுக்குச் சந்தோஷப்பட முடியாவிட்டால் நடிக்க வேண்டாம். சந்தோஷப்படுகிறவர்களுடனே சந்தோஷப்படச் சொன்ன அதே வசனம், அழுகிறவர்களுடனே அழவும் சொல்கிறது. அந்தச் சகோதரர் உங்களோடு ஒருநாள் வந்து அழட்டும், பிறகு பாருங்கள். உங்கள் போதகரிடம் ஒரு விண்ணப்பமும் வையுங்கள்: குணமான சாட்சிகளுக்கு நேரம் கொடுப்பதுபோல், குணமாகாமல் போனவர்களின் வீட்டாரும் எழுந்து நின்று நாலு வார்த்தை பேச நேரம் கொடுக்க வேண்டும். பல சபைகளில் இது இல்லை. இல்லாததால்தான் உங்களைப் போன்றவர்கள் தனியாகக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

"உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்று சொல்ல வாய் வரவில்லை என்றீர்கள். நல்லது, கொஞ்ச நாள் சொல்லாதீர்கள். நாம் அதை மிகச் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். சொல்லாமல் செய்து பாருங்கள். ஒருவர் பெயரை மட்டும் கர்த்தர் முன்னால் சொல்லி, ஒரு நிமிடம் பேசாமல் இருங்கள். என்ன கேட்பது என்று தெரியாதபோது அதுவே போதும். மீதியை ஆவியானவரிடம் விடச் சொல்லித்தான் பவுல் எழுதியிருக்கிறார்.

தம்பியின் பெயரை அடிக்காதீர்கள். இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்வது கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் வழக்கம். நாம் பொதுவாகச் செய்வதில்லை. ஆனால் அவனுக்காக நன்றி சொல்ல ஒரு தடையும் இல்லை. அந்த 38 வருடத்தில் உங்களுக்கு நினைவிருப்பதை ஒவ்வொன்றாகச் சொல்லி நன்றி சொல்லலாம். அழுகை வந்தால் அழுதுகொண்டே சொல்லலாம். அவன் பெயருக்குக் கீழே அவன் மனைவியின் பெயரை எழுதுங்கள். அதற்குக் கீழே பிள்ளைகள் இருவரின் பெயரையும். முன்பு அந்த நோட்டில் எழுதியதோடு வேலை முடிந்ததாக நினைத்திருந்தால், இந்த மூன்று பெயர் விஷயத்தில் அப்படி விடாதீர்கள். ஆடையும் ஆகாரமும் இல்லாதவரைப் பார்த்து "சமாதானத்தோடே போங்கள், குளிர் காய்ந்து பசியாறுங்கள்" என்று சொல்லி அனுப்பினால் என்ன பிரயோஜனம் என்று யாக்கோபு நிருபம் கேட்கிறது. நெகேமியா எதிரிகளைக் கண்டு ஜெபம்பண்ணினார், உடனே காவலும் வைத்தார்.

இந்த வாரமே அவர்கள் வீட்டுக்குப் போங்கள். ஜெபிக்க வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். யோபின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் திறந்தபிறகுதான் அவர்கள் தவறிப்போனார்கள். நீங்களும் போய் உட்காருங்கள். பிள்ளைகளின் படிப்புக்கு என்ன வழி, மருத்துவக் கடன் எவ்வளவு மிச்சம், கையெழுத்துப் போட வேண்டிய காகிதங்களை அவள் தனியாக வைத்துக்கொண்டு திணறுகிறாளா என்று பாருங்கள். முடிந்ததைக் கவனித்துவிட்டு, கிளம்பும்போது அவள் கேட்டால் அவள் கையைப் பிடித்து ஜெபியுங்கள். கேட்காவிட்டால் வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்துகொள்ளுங்கள்.

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரன்